போர்ப் படமும் பட்டாளத்துப் பெரியப்பாவும்

படக்காட்சி முடிந்து, அரங்கின் விளக்குகள் எரிந்து, கூட்டம் கலைந்து போகிற நேரத்தில் ஒருவர் மட்டும் இருக்கையை விட்டு எழாமல் இருந்தால், அவர் உறங்கிவிட்டார் என்றே நாம் எண்ணுவோம். எங்கள் பெரியப்பா அவ்வாறு உட்கார்ந்திருந்ததை நான் ஒரு முறை கண்டேன். அவர் உறங்கவில்லை. வெண்திரையையும் பார்க்கவில்லை. பக்கவாட்டில் திறந்து கிடந்த கதவுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பொழுது நான் கோயமுத்தூரில் கல்லூரி மாணவன். 1957ஆம் ஆண்டில் வெளிவந்து, ஏழு ஆஸ்கார் பரிசுகளைப் பெற்று, உலகெங்கும் பேசப்பட்ட 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' என்னும் ஆங்கிலப் படம் எங்கள் ஊருக்கு வந்திருந்தது. சிறைப்பட்ட பிரிட்டிஷ் சிப்பாய்கள் கந்தல் உடையோடு சீழ்க்கையடித்துக்கொண்டு அணிவகுத்து வருவார்களே, அந்த மெட்டு எங்கள் மாணவர் விடுதித் தாழ்வாரத்தில் காலை முதல் இரவு வரை ஒலித்தது. பருத்தி விற்ற பணத்தை வாங்கிக்கொண்டு போகப் பல்லடத்துப் பக்கத்திலிருந்து வந்திருந்த பெரியப்பாவை, "பர்மாக் காட்டுப் பக்கம் பாலம் கட்டுகிற கதைங்க பெரியப்பா" என்று சொல்லி நான்தான் வற்புறுத்தி அழைத்துச் சென்றேன். பாலம் என்ற சொல்லுக்கு மட்டுமே அவர் இசைந்தார். ஏனெனில் அவர் பர்மாவில் பாலம் கட்டியவர்.

அவர் பட்டாளத்துக்குப் போனது 1941ஆம் ஆண்டில். திரும்பி வந்தபின் ஊரில் ஒருவரும் அவரைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை; 'பட்டாளத்தார்' என்பதே பெயராயிற்று. ஏன் போனார் என்று கேட்டால், நாட்டுப்பற்று என்றோ வீரம் என்றோ விடை கூற எனக்கும் ஆசைதான். உண்மை வேறு. கொங்கு நாட்டுப் புன்செய்க் காட்டில் கிணறு வற்றிவிட்டால் கவலை இறைக்கிற எருதுக்கும் வேலையில்லை. எருதை ஓட்டுகிறவனுக்கும் வேலையில்லை. அன்று சிப்பாய்க்குக் கிடைத்தது மாதம் 20 ரூபாய்க்கும் குறைவே. ஆயினும் அது வானத்தைப் பார்த்து வருகிற பணம் அன்று. மாதம் பிறந்தால் மணியார்டராக வீட்டு வாசலுக்கு வந்து சேரும். அந்தப் பணத்தில்தான் என் தந்தையார் படித்தார் என்பதைப் பிற்காலத்தில் அறிந்தேன்.

இங்கே மாணவர்கள் அறிய வேண்டிய வரலாறு ஒன்றுண்டு. 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பின் வெள்ளையர் 'போர் மரபினர்' என்றொரு கொள்கையை வகுத்துக்கொண்டனர். வடக்கே வாழும் சில இனத்தாரே சண்டைக்குப் பிறந்தவர், தெற்கத்தியார் அதற்கு ஆகார் என்பது அதன் சாரம். தென்னாட்டுச் சிப்பாய்களைக் கொண்டே இந்நாட்டில் வேரூன்றியவர்கள் இப்படிக் கூறியது வேடிக்கைதான்! 18ஆம் நூற்றாண்டிலிருந்து தொடர்ந்து வந்த சென்னைக் காலாட்படைப் பிரிவுகள் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டு, 1920களின் முடிவில் நிலையான பிரிவு ஒன்றுகூட எஞ்சவில்லை. 1780இல் தோன்றி, பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட 'மதராஸ் சாப்பர்ஸ்' என்னும் பொறியாளர் படை மட்டும் நின்றது. துப்பாக்கி பிடிக்க ஆகாதவன் என்று தள்ளப்பட்ட தமிழன், மண்வெட்டி பிடிக்க வேண்டியவனாக இருந்தான் போலும். பின்பு இரண்டாம் உலகப்போர் மூண்டது. 1939இல் ஏறத்தாழ 2 இலட்சம் பேரைக் கொண்டிருந்த இந்தியப் படை, 1945இல் 25 இலட்சமாகப் பெருகியது. கட்டாயமின்றித் தாமாகச் சேர்ந்தோரால் அமைந்த படைகளில் அதனினும் பெரியதை உலகம் கண்டதில்லை. அந்த வேளையில் கொள்கையெல்லாம் பறந்துபோக, மதராஸ் ரெஜிமெண்டும் மறுபடி எழுந்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு மலையேறிச் செல்வோர், அதன் பயிற்சி நிலையத்தை வெல்லிங்டனில் காணலாம். "வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு" என்னும் அதன் போர்முழக்கம் இன்றும் தமிழிலேயே இருக்கிறது.

போர் எங்கள் கோவையையும் விட்டுவைக்கவில்லை. கடலையே காணாத இந்த ஊரில் பிரிட்டிஷ் கப்பற்படையார் விமானங்களைப் பழுதுபார்க்கும் நிலையம் ஒன்றை நிறுவினர். கரையிலுள்ள நிலையத்துக்கும் கப்பலுக்கு இடுவதைப் போலவே பெயரிடுவது அவர்கள் வழக்கம். ஆகவே நொய்யலாற்று நாட்டில் 'கருடா' என்றொரு கப்பல், தண்ணீரின்றி நின்றுகொண்டிருந்தது!

பெரியப்பா சேர்ந்தது சாப்பர் படையில். சாலை போடுதல், பாலம் கட்டுதல், பகைவர் புதைத்த கண்ணிவெடியைத் தோண்டி எடுத்தல், குடிநீர்க் கிணறு வெட்டுதல் ஆகியவையே அவர்தம் பணி. காலாட்படை போவதற்கு முன்பே போக வேண்டும். அது திரும்பிய பின்பே திரும்ப வேண்டும். சண்டை என்று நாம் எதைச் சொல்கிறோமோ அது அவர்களுக்கு வேலைக்கு இடையே வரும் இடையூறு. "குண்டு விழுந்தா வேலெ நின்னு போகும் கண்ணு, அதுதான் தொந்தரவு" என்று அவர் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

சினிமா அவருக்குப் புதியதன்று. கொங்கு நாட்டுக்கும் சினிமாவுக்கும் உள்ள உறவு பழையது. திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905ஆம் ஆண்டில் டூபான்ட் என்னும் பிரெஞ்சுக்காரரிடம் படக்கருவியை விலைக்கு வாங்கி ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டியவர். 1914இல் கோவையில் வெரைட்டி ஹால் என்னும் நிலையான அரங்கத்தை எழுப்பினார். சேலத்தில் டி. ஆர். சுந்தரம் 1935இல் மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கினார். போர்க்காலத்தில் வெளிநாட்டிலிருந்து வரும் பிலிம் சுருள் அரிதாகிவிட, அதனைச் சர்க்கார் அளந்து கொடுத்தது. போருக்கு ஆதரவான படம் எடுக்கும்படியும் படமுதலாளிகளைக் கேட்டது. அவ்வாறு பிறந்தவற்றுள் ஒன்றுதான் 1945இல் சேலத்திலிருந்து வந்த 'பர்மா ராணி'. ஜப்பானியர் கைப்பற்றிய பர்மாவில் சிக்கிக்கொண்ட இந்திய விமானப் படையினருக்கு ஒரு மங்கை உதவும் கதை. பெரியப்பா அதனை ஊரில் டெண்டுக் கொட்டகை மணலில் உட்கார்ந்து பார்த்தாராம். "நாலு வருசம் அங்கெ இருந்தனே, அப்பிடி ஒரு ராணி எங்க கண்ணுலெ படவேயில்லெ" என்பது அவருடைய விமரிசனம்.

இந்த முறை அவர் சிரிக்கவில்லை. ஆங்கிலப் பேச்சு அவருக்கு அரைகுறையாகத்தான் விளங்கியிருக்கும். பட்டாளத்தில் அவர் கற்றது ஆங்கில எழுத்தில் எழுதிய உருது. ஆனால் பாலத்துக்கு மொழிபெயர்ப்பு வேண்டுமா? ஆற்றில் மரத்தூண் இறங்கும் காட்சி வந்ததும் அவர் முன்னே சாய்ந்துகொண்டார். நீரோட்டத்தின் வேகத்தையும் தூணின் பருமனையும் கணக்கிட்டு, "நல்லாத்தான் கட்டறாங்க" என்று மெல்லச் சொன்னார். சிறிது கழித்து, "ஒடம்பு மட்டும் இப்பிடி இருக்காது கண்ணு" என்றார். திரையில் தோன்றிய கைதிகளின் தோள்களும் மார்புகளும் நன்றாக உண்டு வளர்ந்தவை. உண்மைக் கைதிகளின் விலா எலும்பை எண்ணலாம். நான் அதைக் கவனித்திருக்கவில்லை.

அவர் கட்டிய பாலங்கள் வேறு வகையின. டொனால்டு பெய்லி என்னும் ஆங்கிலப் பொறியாளர் வகுத்ததால் அவற்றைப் பெய்லி பாலம் என்பர். 10 அடி நீளமுள்ள எஃகுச் சட்டம் ஒன்று. எடை 570 பவுண்டு. ஆறு பேர் தூக்கிவிடலாம். சட்டத்தோடு சட்டத்தைச் சேர்த்து ஆணி கோத்தால் பாலம் நீளும். பாரந்தூக்கி எந்திரம் தேவையில்லை. கரையில் உருளைகளை வைத்து, அவற்றின் மேல் சட்டங்களைச் சேர்த்துச் சேர்த்து எதிர்க்கரையை நோக்கித் தள்ளிக்கொண்டே போக வேண்டியதுதான். வெற்றுவெளியில் நீட்டிக்கொண்டிருக்கும் முன்பகுதி தலைகுப்புறக் கவிழாதபடி பின்பகுதியின் பாரம் பிடித்துக்கொள்ளும். 1944 டிசம்பரில் கலேவா என்னுமிடத்தில் சிந்த்வின் ஆற்றின் குறுக்கே மிதவைகளின் மேல் 1,154 அடி நீளத்துக்கு இத்தகைய பாலம் போடப்பட்டது. உலகில் அன்றிருந்த பெய்லி பாலங்களுள் மிக நீண்டது அது. அந்தப் பாலத்துக்குப் போகும் சாலையில் தார் தோய்த்த சணல் துணியை, ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு, ஓடு வேய்வதைப் போல் விரித்துச் சென்றார்கள். கல் கிடைக்காத சேற்று நிலத்தில் மழைநீர் கீழே இறங்காதிருக்கச் செய்த உபாயம் அது. ஜெனரல் ஸ்லிம்மின் பதினான்காம் படை அந்தச் சாக்குச் சாலையின் மேல்தான் லாரிகளை ஓட்டிக்கொண்டு மாண்டலேயை நோக்கிச் சென்றது. பெரியப்பாவின் இடத்தோளில் எருதின் கழுத்தில் நுகத்தடி பதிந்தாற்போல ஒரு காய்ப்பு இருந்தது. அது ஏர் உழுததால் வந்ததென்று வெகுநாள் எண்ணியிருந்தேன்.

படத்தின் முடிவில் பாலம் வெடித்து, ரயில் வண்டி ஆற்றில் விழுந்தது. அரங்கமே கைதட்டியது. விளக்குகள் எரிந்தன. அப்பொழுதுதான் பெரியப்பா எழாமல் உட்கார்ந்திருந்ததைக் கண்டேன். "போலாங்களா பெரியப்பா?" என்றேன்.

"இத்தனெ பேரு வேலெ செய்யறாங்களே கண்ணு, நம்ம சனம் ஒருத்தரையும் காணமே?" என்றார்.

அந்த வினாவின் பொருள் எனக்கு உடனே விளங்கவில்லை. ரயில் நிலையத்துப் பக்கமாக நடந்து, ஒரு தேநீர்க் கடையில் உட்கார்ந்த பின்னர்த்தான் அவர் சொன்னார். பதின்மூன்று ஆண்டுகளாக எங்கள் வீட்டில் எவரிடமும் சொல்லாமல் வைத்திருந்த செய்தி அது.

என் தாயாருக்கு ஒரே தம்பி. கங்காணியின் பேச்சைக் கேட்டு, 1937இல் நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலேயாவுக்குச் சென்றவர். அடுத்த ஆண்டே இந்திய சர்க்கார் அவ்வாறு ஆள் கொண்டுபோவதைத் தடை செய்துவிட்டது; ஓராண்டு தாமதித்திருந்தால் போயிருக்கமாட்டார். பேராக் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றிலிருந்து கடிதமும் பணமும் வந்துகொண்டிருந்தன. கடைசிக் கடிதம் வந்தது 1941இல். அவ்வாண்டு டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியர் மலேயாவில் இறங்கினர். 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. அதற்குப் பின் எழுத்து இல்லை. கொங்கு நாட்டில் காதுகுத்து என்றால் குழந்தை தாய்மாமன் மடியில் அமர வேண்டும் அல்லவா? என் காதுகுத்தை 'மாமன் வரட்டும், வரட்டும்' என்று ஆறு ஆண்டுகள் தள்ளிப்போட்டார்கள். கடைசியில் தாயாரின் பங்காளி முறையில் ஒருவர் மடியில் உட்கார்ந்தேன். தாயைப் பெற்றவளை நாங்கள் அம்மிச்சி என்போம். என் அம்மிச்சி அன்று விருந்தில் கைநனைக்கவில்லை.

போர் முடிந்து, 1945இன் இறுதியில், பெரியப்பாவின் பிரிவைச் சாலைகளைச் செப்பனிட மோல்மீனுக்கு அனுப்பினார்களாம். அங்கே ஒரு கொட்டகையில், தோலும் எலும்புமாய்க் கிடந்த சிலர் தமிழில் பேசுவதைக் கேட்டார். மலேயாத் தோட்டத்திலிருந்து ரயில்பாதை போடக் கொண்டுவரப்பட்டவர்கள். "எந்த ஊரு?" என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே போனார். சேலத்தார் ஒருவர், மாமா இருந்த தோட்டத்தின் பெயரைச் சொன்னதும் தலையசைத்தார். இலவசமாகப் படம் காட்டுவதாகச் சொன்னார்களாம். கொட்டகை நிறைந்ததும் கதவைச் சாத்திவிட்டார்களாம். ஆண்களை அங்கிருந்தே ரயிலில் ஏற்றினார்களாம். அந்தத் தோட்டத்தார் மலைக்கு அந்தப்புறம் இறக்கப்பட்டனர். வாந்திபேதி வந்தபின் அந்த முகாமிலிருந்து எவரும் வரவில்லை. அவ்வளவே அவர் அறிந்தது.

"செத்தத நா கண்ணுலெ பாக்கலெ. பாக்காதத எப்பிடிச் சொல்றது?" என்றார் பெரியப்பா.

மலேயாத் தமிழர் சயாம் மரண ரயில் என்று குறிப்பிடுவது இந்தப் பாதையைத்தான். கடல்வழி பாதுகாப்பற்றுப் போனதால், பர்மாவிலிருந்த தம் படைக்குத் தளவாடம் அனுப்பச் சயாமையும் பர்மாவையும் இணைக்கும் ரயில்பாதை ஒன்றை ஜப்பானியர் 1942இல் தொடங்கினர். காடும் மலையுமான நிலத்தில் 415 கிலோமீட்டர். 1943 அக்டோபரில் முடித்துவிட்டனர். நேசநாட்டுப் போர்க்கைதிகள் 60,000க்கு மேற்பட்டோர் அதில் உழைத்தனர். 12,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களைப் பற்றியதே அந்தப் படம். ஆனால் பர்மியர், மலாய்க்காரர், ஜாவாக்காரர், மலேயாத் தமிழர் ஆகிய ஆசியத் தொழிலாளர் ஏறத்தாழ 2 இலட்சம் பேர் அதே பாதையில் உழைத்தனர். அவருள் இறந்தோர் 90,000 அளவில் இருக்கலாம் என்பது ஆய்வாளர் பலரின் மதிப்பீடு. தொடக்கத்தில் நாட்கூலி என்றும் மூன்று மாத ஒப்பந்தம் என்றும் ஆசை காட்டினர். ஆள் போதாதபோது வழியில் கண்டவர்களைப் பிடித்தனர். இலவசப் படக்காட்சி என்று கூட்டி, கதவடைத்துக் கொண்டுபோன செய்தியைப் பிழைத்து வந்தோர் வேறு சிலரும் சொல்லிச் சென்றிருக்கின்றனர்.

கைதிகளைக் காட்டிலும் கூலிகள் ஏன் மிகுதியாக இறந்தனர்? போர்க்கைதிகளுக்குத் தம் மேலதிகாரிகள் உடனிருந்தனர். தம் படை மருத்துவர் உடனிருந்தனர். மருந்தில்லாவிடினும் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடி, மலக்குழியைத் தள்ளித் தோண்டு என்று கட்டளையிட ஆள் இருந்தது. தோட்டத்திலிருந்து வந்தவர்களுக்கு அப்படி எவரும் இல்லை. 1943 மழைக்காலத்தில் வாந்திபேதி பரவியபோது முகாம் முகாமாக அழிந்தது இதனால்தான். இறந்தவர் கணக்கை எழுதவும் அங்கே எழுத்தர் இல்லை. காஞ்சனபுரியில் நேசநாட்டுப் போர்வீரர் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. புல் வெட்டப்பட்டு, பெயர் பொறித்த 7,000க்கு அணித்தான கற்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. தொழிலாளர்க்கு அத்தகைய வரிசை இல்லை.

படம் எடுத்தவர்கள் இதனை வேண்டுமென்றே மறைத்தனர் என்று நான் கூறமாட்டேன். மூலக் கதையை எழுதியவர் பியர் பூல் என்னும் பிரெஞ்சுக்காரர். அவர் போருக்கு முன் மலேயாவில் ரப்பர்த் தோட்டத்தில் பொறியாளராக வேலை பார்த்தவர்! பால்வெட்டுத் தமிழரை நாள்தோறும் கண்டிருக்க வேண்டியவரின் கதையே, வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் பிடிவாதத்தைச் சுற்றிச் சுழல்கிறது. டேவிட் லீன் அதனைப் படமாக்கியது சயாமில் அன்று; நம் அண்டையிலுள்ள இலங்கையில், கித்துல்கலவில், களனி ஆற்றங்கரையில். படத்துப் பாலத்துக்கு மரம் இழுத்ததும் தூண் நட்டதும் அவ்வூர்த் தொழிலாளரும் யானைகளுமே. அவர்களும் திரையில் இல்லை. உண்மையான பாலம் எஃகினால் ஆனது, இன்றும் நிற்கிறது, ஆற்றுக்கு அங்கே வேறு பெயர் இருந்தது. பயணிகள் எல்லாரும் வந்து 'குவாய் எங்கே, குவாய் எங்கே' என்று கேட்டதால், 1960களில் ஆற்றின் பெயரையே மாற்றிவிட்டனர். படத்தின் வலிமையை நோக்குங்கள்!

கதைக்கு ஒரு தலைவன் வேண்டும், ஒரு முடிச்சு வேண்டும், இரண்டரை மணி நேரத்தில் ஒரு வெடிச்சத்தம் வேண்டும். சாலை போடுகிறவன் தலைவனாவதில்லை. ஆகவேதான் எங்கள் பெரியப்பா போன்றோர் வேலை செய்த இடத்துக்குப் படக்கருவி போவதில்லை. 1940இல் டன்கர்க் கடற்கரையில் இந்தியக் கோவேறு கழுதைப் படையினர் சில நூறு பேர் இருந்தனர். 2017இல் வந்த 'டன்கர்க்' படத்தில் அவர்களைக் காணோம். தமிழ்ப் படம் ஒன்றில் மட்டும் போரின் விளிம்பை நான் தெளிவாகக் கண்டேன். 1952இல் வந்த 'பராசக்தி'யில், ரங்கூனில் குண்டு விழ, கப்பலில் இடமின்றிக் கால்நடையாகப் புறப்படும் அகதிகள் வருகிறார்கள். 1942இல் பர்மாவை விட்டு வந்த இந்தியர் நான்கைந்து இலட்சம் பேர். அந்தக் காட்சி சில நிமிடங்களே. ஆனால் அதில் இருப்பவர்கள் நம் மக்கள்.

சுபேதார் சுப்பிரமணியம் என்பவரைப் பற்றி உங்களுள் எத்தனை பேர் அறிவீர்கள்? காஞ்சிபுரத்துப் பக்கம் கீழ் ஓட்டிவாக்கத்தில் பிறந்தவர்; பெரியப்பாவைப் போல் மதராஸ் சாப்பர். 1944 பிப்ரவரி 24ஆம் நாள் இத்தாலியில் மிக்ஞானோ என்னுமிடத்தில் கண்ணிவெடி அகற்றும் கூட்டத்தில் இருந்தார். ஒருவன் காலடியில் வெடி கிளம்பும் ஓசை கேட்டது. அந்த வகை வெடி மிதித்தவுடன் வெடிக்காது. சில நொடி கழித்தே வெடிக்கும். அந்தச் சில நொடிக்குள் அவர் அதன் மேல் பாய்ந்து படுத்துக்கொண்டார். மற்றவர் பிழைத்தனர். இறந்தபின் அவருக்கு ஜார்ஜ் கிராஸ் விருது வழங்கப்பட்டது. எத்தனையோ போர்ப் படங்களைப் பார்த்துவிட்டேன். இந்த நொடிகளை எந்தத் திரையிலும் நான் கண்டதில்லை.

போர்ப் படம் பார்க்காதீர்கள் என்பது என் கருத்தன்று. நானே அந்தப் படத்தைப் பின்னர் எத்தனையோ முறை பார்த்தேன். அதன் அழகு குறையவில்லை. ஆனால் படம் முடிந்து வீட்டுக்குப் போனபின் பார்க்க வேண்டியவையும் உண்டு. உங்கள் வீட்டுப் பரணில் ஓர் இரும்புப் பெட்டி இருக்கலாம். அதில் சிப்பாயின் சம்பளப் புத்தகமும், படையிலிருந்து விடுவித்த சான்றும் கிடைக்கலாம்; எந்தப் பிரிவு, என்ன தொழில், எந்த நாட்டில் எத்தனை மாதம் என்பது அவற்றில் எழுதியிருக்கும். ஆறு முனை கொண்ட வெண்கல நிறப் பதக்கம் ஒன்று கிடைத்தால் நாடாவைப் பாருங்கள். நடுவே அகன்ற சிவப்பும், இருபுறமும் கருநீலமும், அந்நீலத்தின் நடுவே ஆரஞ்சுக் கோடும் இருந்தால் அது பர்மா நட்சத்திரம். பின்புறத்தையும் திருப்பிப் பாருங்கள். இங்கிலாந்தின் வீரர்களுக்கு வழங்கிய அதே பதக்கங்கள் பெயரின்றி வழங்கப்பட்டன. இந்தியர்க்கு வழங்கியவற்றில் எண்ணையும் பெயரையும் பொறித்தனர். பெரியப்பாவின் பதக்கத்தை நாங்கள் சிறுவராயிருந்தபோது ஆட்டுக்குட்டியின் கழுத்தில் கட்டி விளையாடினோம். அதன் பின்னே அவருடைய முழுப்பெயர் இருந்ததை அவர் மறைந்த பின்பே படித்தேன்.

தேநீர்க் கடையில் கேட்டதை நான் தாயாரிடம் சொன்னேன். தாயார் அம்மிச்சியிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பேரூருக்குப் போய் நொய்யலாற்றங்கரையில் மகனுக்கு எள்ளும் நீரும் இறைத்திருக்க வேண்டும். அம்மிச்சி அதற்கு எந்நாளும் இசைந்ததில்லை. "உசுரோட இருக்கறவனுக்கு எள்ளு எறைக்கறதா?" என்று ஒரு முறை அவர் சீறியதை நானே கேட்டேன். மகன் ஒரு நாள் பல்லடம் பேருந்தில் வந்து இறங்குவான் என்ற நம்பிக்கையோடு அவர் கண்மூடினார். தாயாரும் போய்விட்டார்.

2023ஆம் ஆண்டில் காஞ்சனபுரியில் ஒரு புத்தப் பள்ளியின் வளாகத்தில், சயாம் ரயில்பாதையில் மாண்ட தமிழருக்காகத் தாய்லாந்துத் தமிழர் ஒரு நடுகல் நாட்டினர். தொல்காப்பியம் புறத்திணையியலில் கல்லைத் தேடிக் காண்பது முதல் நட்டு வாழ்த்துவது வரை முறை சொல்லப்பட்டிருக்கிறதே, அந்த நடுகல்தான். கொங்கு நாட்டுக் காடுகளில் ஆநிரை காத்தும் புலியோடு பொருதும் மாண்டவர்க்கு நட்ட கற்கள் வழிநெடுக நிற்கின்றன. அவற்றின் நிழலில் மாடு மேய்ப்போர் உட்கார்ந்திருப்பார்கள். கூலியாளுக்குக் கல் நட்டதை இப்பொழுதுதான் கேள்விப்பட்டேன். உறவுக்காரப் பிள்ளை ஒருவன் அதன் படத்தை அனுப்பியிருந்தான்.

அவ்வாண்டு ஆடி அமாவாசைக்கு நான் பேரூர் போனேன். ஆற்றங்கரையில் புரோகிதர் பெயர் கேட்டார். மாமாவின் பெயரைச் சொன்னேன். இறந்த நாள் எது என்றார், தெரியாது என்றேன். தெரியாதவர்க்கு இந்த நாளே போதும் என்று சொல்லி எள்ளை என் கையில் வைத்தார். ஊர் எது என்று கேட்டபோது, காஞ்சனபுரி என்று சொல்ல வாயெடுத்து, பல்லடம் என்றேன்.